உப்பு மேல பழி: மாமா பட்டறை பாத்திக்கு ரெண்டாவது தடவ ஷீட் போட்ட கதை

ரெண்டு அடைமழை தாண்டிருச்சு, லீக் ஆனா தெரியணும்னு ஷீட்டுக்கு அடில வச்ச செக் பைப்புல இன்னும் ஒரு சொட்டு வரல, அதனால இப்ப தைரியமா எழுதலாம்னு உக்காந்தேன். சாயத்தண்ணி காயவிடுற பாத்தில போட்ட முதல் பிளாஸ்டிக் ஷீட் பதினாலே மாசத்துல போனப்ப எழுதிருந்தா முழுக்க தப்பா எழுதிருப்பேன், ஏன்னா அப்ப எல்லாருமே சொன்னது ஒண்ணுதான், "உப்புத்தண்ணி பிளாஸ்டிக்க அரிச்சுருச்சு".

மொதல்ல எடம். எங்க மாமாவுக்கு திருமங்கலம் பக்கம் ஒரு சின்ன சாயப்பட்டறை, சுங்குடிச் சேலைக்கும் கொஞ்சம் நூலுக்கும் சாயம் போடுறது. காட்டன்ல சாயம் ஏறணும்னா தண்ணில கல்லுப்பு போட்டாகணும், எங்க கணக்குக்கு லிட்டருக்கு 50 கிராம். அலசுற தண்ணிய தனியா பிரிச்சுருவோம், சாயம் முக்குன முதல் தண்ணி மட்டும் ஒரு நாளைக்கு 300 லிட்டர் வரும், அதுக்குள்ள 15 கிலோ உப்பு இருக்கு. வெளிய விடமுடியாது, டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு வகையறா, லிட்டருக்கு இத்தன மில்லிகிராம்னு கணக்கு) 2100க்கு மேல போனா ஓடைல விடக்கூடாதுன்னு சட்டம், நம்ம தண்ணி 50,000க்கு மேல. 2011ல ஹைகோர்ட் உத்தரவுல திருப்பூர் பட்டறைகள மொத்தமா மூடுனத மாமா இன்னிக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாரு, அதனால 12 மீட்டருக்கு 8 மீட்டர்ல, ஒண்ணரை அடி ஆழத்துல ஒரு பாத்தி வெட்டி ஷீட் விரிச்சு வெயில்ல காயவிடுறது. தூத்துக்குடி உப்பளம் மாதிரியேதான், என்ன, உப்பு கருஞ்சிவப்பா இருக்கும்.

2022 மாசில போட்டது 300 மைக்ரான் (0.3 மிமீ) கருப்பு ஷீட்டு, சதுர மீட்டர் 42 ரூவா, ஓரம் புதைக்கிறதோட சேத்து 140 சதுர மீட்டருக்கு 5,880 ஆச்சு. கடைக்காரரு அஞ்சு வருசம் வரும்னு சொன்னாரு, பில்லுல எதுவும் எழுதல, நாங்களும் கேக்கல. நாலு மூலைலயும் போர்வ மடிக்கிற மாதிரி மடிச்சு, மேல கல்ல வச்சு முடிச்சாச்சு, அரை நாள் சோலி.

2023 சித்திரைல பக்கத்துத் தோப்புக்காரரு வந்து நின்னாரு. "ஏப்பா, கிணத்தோரம் நிக்கிற ரெண்டு தென்னைல மட்ட நுனியெல்லாம் கருகுது, உங்க தண்ணியான்னு பாரு"ன்னாரு. சண்ட போட வரல, அதுவே எங்களுக்கு வெக்கமாப் போச்சு. அவரு கிணத்துல டிடிஎஸ் பேனாவ விட்டா 1,900 காட்டுது, முந்தின வருசம் அவரு மோட்டார் மாத்துறப்ப அதே பேனாவுல 1,100 இருந்துச்சு.

சரி லீக்கான்னு பாப்போம்னு எனக்குத் தெரிஞ்ச வாளி டெஸ்ட் போட்டேன். பண்ணைக்குட்டைக்கு செய்யறதுதான், ஒரு வாளில தண்ணி ஊத்தி குட்டைக்குள்ளயே பாதி முங்க நிறுத்தி வச்சுட்டு வாளில எத்தன மில்லிமீட்டர் கொறயுது, குட்டைல எத்தன கொறயுதுன்னு ஸ்கேல் வச்சு பாக்கறது, ரெண்டும் ஒண்ணா இருந்தா வெயில் குடிச்சது, குட்டைல கூட கொறஞ்சா லீக். மூணு நாள் பாத்தேன், வாளில ஒரு நாளைக்கு 7 மிமீ, பாத்திலயும் 7 மிமீ. ஆகா லீக்கே இல்லன்னு மாமாகிட்ட சொல்லி, அவரு அதப் போய் தோப்புக்காரர்கிட்ட சொல்லி, ஒரு வாரம் நிம்மதியா இருந்தோம்.

அப்புறம் ராத்திரி படுத்திருக்கறப்பதான் ஒறச்சுச்சு, நான் வாளில ஊத்துனது போர்த்தண்ணி! உப்புத்தண்ணி நல்ல தண்ணி மாதிரி வேகமா ஆவியாகாது, உப்பு ஏற ஏற தண்ணி ஆவியாகறது மந்தமாகிட்டே போகும். அப்ப நல்ல தண்ணி 7 கொறயிறப்ப உப்புத்தண்ணி அதுக்குக் கம்மியால்ல கொறஞ்சிருக்கணும், ரெண்டும் சமம்னா பாத்தில எங்கிட்டோ போகுதுன்னுதான் அர்த்தம். மறுநாள் பாத்தித் தண்ணியவே வாளில மோந்து வச்சேன், நெறமும் ஒண்ணு உப்பும் ஒண்ணு. உப்புத்தண்ணி எவ்வளவு கெட்டின்னு அளக்குற பாமே மீட்டர்ல 18 டிகிரி இருந்துச்சு, அதாவது ஏறக்குறைய நூத்துக்கு 20 உப்பு (இந்த மீட்டர தூத்துக்குடில உப்பு வேலை பாக்குற ஒரு சொந்தக்காரர் குடுத்தாரு, அவய்ங்க எல்லாமே டிகிரிலதான் பேசுவாய்ங்க, 25 வந்தா உப்பு விளையும்). இப்ப வாளில ஐந்தரை, பாத்தில ஏழு. ஒண்ணரை மிமீதானேன்னு தோணும், 96 சதுர மீட்டருக்குப் பெருக்கிப் பாத்தா ஒரு நாளைக்கு 144 லிட்டர் பூமிக்குள்ள போயிருக்கு. தோப்புக்காரர்கிட்ட திரும்பப் போய் நாங்க சொன்னது தப்புன்னு சொல்லவேண்டியதா ஆச்சு, மாமா போகல, என்னயத்தான் அனுப்புனாரு.

உடனே சாயம் போடுறத பாதியா கொறச்சோம். பாத்தி நடுவுல மண்ணுல ஒரு வரப்பப் போட்டு, தண்ணிய ஒரு பாதிக்குத் தள்ளி, அதுல புதுசா ரெண்டு மடிப்பு தார்ப்பாய் விரிச்சு தற்காலிகமா ஓட்டிட்டு, காஞ்ச பாதில எறங்கி ஓட்டையத் தேடுனேன்.

ஓட்டை அடைக்கிறதுல நான் பண்ணுன கூத்து தனி. பிவிசி பைப்புக்குப் போடுற சொல்யூஷன் தடவி துண்டு ஒட்டுனேன், காஞ்சதும் சீட்டுக்கட்டு மாதிரி உரிஞ்சு வந்துருச்சு. எபாக்சி பேஸ்ட்டு கல்லு மாதிரி இறுகுச்சு, ஆனா நகத்துல நெம்புனா முழுசா கழண்டுச்சு. சிலிக்கான் ரெண்டு நாள் நின்னுச்சு. டியூப் பஞ்சர் ஒட்டுற அண்ணன்கிட்ட ஒரு துண்டக் கொண்டு போனேன், அவரு பாத்துட்டு "தம்பி இது பாலிதீனு, இதுல ஒண்ணும் ஒட்டாது, காச வீணாக்காத"ன்னாரு. மொதல்லயே அவருகிட்டப் போயிருந்தா 740 ரூவா மிச்சம். பாலிதீன்ல சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, சூடு வச்சு உருக்கித்தான் ஒட்டணும். ஹீட்கன் வாங்கி அதே ஷீட்டுல துண்டு வெட்டி உருக்கிப் பாத்தேன், புது ஷீட்டுக்குப் புது ஷீட்டு ஜம்முனு பிடிக்குது, பாத்தில கெடந்த பழசுல பிடிக்கல. மேல உப்புப் படலம் இருக்கு, வெயில்ல காஞ்ச தோல் வேற இருக்கு. நல்ல தண்ணில கழுவி, காயவச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சப்புறம் சில எடத்துல பிடிச்சுச்சு, ஓரத்து மேட்டுல மட்டும் சூடு காட்டுனா பப்படம் மாதிரி நொறுங்கிருச்சு.

அங்கதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. உப்புதான் அரிச்சதுன்னா, எப்பவும் உப்புத்தண்ணிக்குள்ளயே முங்கிக் கெடந்த அடி ஷீட்டுதான மொதல்ல போயிருக்கணும்? அடி ஷீட்டு புதுசு மாதிரி வழவழன்னு இருக்கு, தண்ணிக்கு மேல வெயில்ல காஞ்ச ஒரு அடி அகலம்தான் வெளுத்துப் போய் நொறுங்குது. ஓட்டைகள சாக்பீஸ்ல வட்டம் போட்டு எண்ணுனேன், இறங்குன பாதில மட்டும் 31. அதுல 11 மூலை மடிப்பு மேல, கீறல் கீறலா. 9 மண்வெட்டி வெட்டு, உப்பு அள்ளுறப்ப ஆளுக மண்வெட்டியால சொரண்டுனது, வெட்டு நேர்க்கோடா இருக்கறதால பாத்ததும் தெரியும். 6 அடில இருந்து மேல குத்துனது, மண்ண நோண்டிப் பாத்தா சுக்கான்கல்லு நாலு, சீமைக்கருவேல முள்ளு ஒண்ணு, ஒரு எடத்துல கோரை முளைச்சு ஷீட்ட ஊசி மாதிரி தொளச்சுக்கிட்டு வந்திருந்துச்சு. மிச்சம் அஞ்சு ஒரே மூலைல, அங்க ஷீட்டு மேல கைய வச்சுத் தேச்சா கரி ஒட்டுது. அந்த மூலைதான் துணி வெளுக்குற ப்ளீச்சிங் தண்ணி மிச்சத்த ஆளுக கொண்டாந்து ஊத்துற எடம்.

மாமா நம்பல. "உப்பு இரும்பயே திங்குது, சிமெண்ட்டயே திங்குது, பிளாஸ்டிக் எம்மாத்திரம் மாப்ள"ன்னாரு. அவரு சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, ஷீட்டுக்கு முன்னாடி இருந்த சிமெண்ட் தொட்டிய உப்பு உரிச்சதக் கண்ணால பாத்தவரு. தண்ணி பூச்சுக்குள்ள ஊறி ஏறி, காஞ்சு, உள்ளயே உப்பா விளைஞ்சு பூச்ச வெளிய தள்ளும், செதில் செதிலா வரும். ஆனா பாலிதீனுக்குள்ள உப்பு ஊறி ஏறாது. அது வேற சாதி.

சொல்லி நம்பவைக்க முடியாது, செஞ்சு காட்டுவோம்னு பெயிண்ட் வாளி எட்டு வாங்குனேன், பழசுதான், ஒண்ணு 30 ரூவா. பரண்ல நிழல்ல கெடந்த அதே ரோல் மிச்சத்துல ஒரு இஞ்ச் அகலம் நாலு இஞ்ச் நீளத்துல துண்டு வெட்டி, எங்க தெருல நகைப்பட்டறை வச்சிருக்கறவர்கிட்ட பவுன் தராசுல எடை போட்டேன், துண்டு 0.71லருந்து 0.73 கிராம் வரைக்கும், ஒவ்வொண்ணுக்கும் நம்பர். ஒரு வாளில போர்த்தண்ணி, ஒண்ணுல கெட்டி உப்புத்தண்ணி, ஒண்ணுல சாயம் போட்டப்புறம் துணி அலசுற சோப்புத்தண்ணி, ஒண்ணுல ப்ளீச்சிங் தண்ணி, நாலும் நிழல்ல. இதே நாலு திரும்பவும் வெயில்ல, துண்டு பாதி முங்கி பாதி வெளிய நிக்கிற மாதிரி. ஒவ்வொரு வாளிலயும் அஞ்சு துண்டு நேரா, அஞ்சு துண்டு ரெண்டா மடிச்சு க்ளிப் போட்டு.

க்ளிப்புல ஒரு தப்பு. பேப்பருக்குப் போடுற இரும்பு க்ளிப்பு போட்டேன், உப்பு வாளில பத்தே நாள்ல துரு ஏறி ஸ்பிரிங் தளந்து மடிப்பு விரிஞ்சுருச்சு, ப்ளீச் வாளில அதவிட மோசம். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு, நைலான் டேக்ல இறுக்கி முதல்லருந்து ஆரம்பிச்சேன். இந்தத் துரு நல்ல பாடமாவும் ஆச்சு, பாத்தி ஓரத்துல ஷீட்ட இழுத்துக்கட்ட நாங்க அடிச்சிருந்த இரும்பு முளையும் கட்டுக்கம்பியும் அப்பிடித்தான் துருவேறிப் பிரிஞ்சு, கூரான முனையெல்லாம் ஷீட்டக் கிழிச்சுக்கிட்டு இருந்திருக்கு. மாமாகிட்ட சொன்னேன், "பாத்தீங்களா, உப்பு ஷீட்டத் திங்கல, கம்பியத் தின்னுச்சு, கம்பி ஷீட்டத் தின்னுச்சு".

வைகாசில போட்டது, புரட்டாசில எடுத்தேன். நிழல்ல உப்புத்தண்ணில கெடந்த துண்ட கழுவி காயவச்சு எடை போட்டா அதே 0.71. மடிச்சது கூட விரிச்சா ஒரு கோடு மட்டும், கீறல் இல்ல. சோப்புத்தண்ணில நேரா கெடந்ததுக்கு ஒண்ணும் ஆகல, மடிச்சு இறுக்குன அஞ்சுல மூணு மடிப்பு மேலயே பொளந்துருச்சு. இது எனக்கு ஆச்சரியம்தான். அப்புறம் ஷீட் வெல்டிங் அண்ணன்கிட்ட கேட்டப்ப அவரு சிரிச்சாரு, பாலிதீன் கம்பெனிகள்ல வெடிப்பு டெஸ்ட் பண்றதே ஷீட்ட வளச்சு வச்சு சோப்பு மாதிரி சரக்குல முக்கித்தானாம். இழுவை இல்லாத எடத்துல சோப்பு ஒண்ணும் பண்ணாது, இழுத்துப்பிடிச்ச எடமும் சோப்பும் சேந்தா வெடிக்கும். எங்க மூலை மடிப்புல அந்த ரெண்டும் இருந்துச்சு, அலசுற தண்ணிய தனியா பிரிக்கிறோம்னு சொன்னாலும் சோப்பு கொஞ்சம் பாத்திக்கு வந்துக்கிட்டுத்தான இருந்துச்சு. ப்ளீச் வாளில எடுத்தது நெறம் மங்கி, விரல்ல கரி ஒட்டுச்சு, மடிச்சா வெள்ளக் கோடு விழுந்துச்சு. வெயில் வாளிகள்ல உப்புலயும் சரி நல்ல தண்ணிலயும் சரி முங்குன பாதி நல்லாருக்கு, வெளிய நின்ன பாதி வெறச்சுப் போச்சு, வித்தியாசமே இல்ல. நல்ல தண்ணி வாளித் துண்ட மாமா கைல குடுத்து மடிங்கன்னேன். மடிச்சாரு, விண்டு வந்துச்சு. ஒண்ணும் பேசாம டீ குடிக்கப் போயிட்டாரு.

இதெல்லாம் பாலிதீனுக்குத்தான். பிவிசி ஷீட்டு கதை வேற, அதுல மெதுமெதுப்புக்குப் போட்ட எண்ணெய் வெயில்லயும் தண்ணிலயும் கொஞ்சங்கொஞ்சமா வெளியேறி ஷீட்டு வெறச்சுப்போகும். நம்ம ஷீட்டு எதுன்னு தெரியலன்னா ஒரு துண்ட நல்ல தண்ணில போடுங்க, பாலிதீன் மெதக்கும், பிவிசி முங்கும். உப்புத்தண்ணில போட்டுப் பாக்காதீங்க, கெட்டி உப்புத்தண்ணில பிவிசியும் பாசாங்கு காட்டும்.

இனி புதுசு போட்ட கதை. ஐப்பசி மழைக்கு முன்ன முடிக்கணும்னு ஓட்டம். 500 மைக்ரான் போதும்னு மாமா, 1 மிமீ போடுவோம்னு நான், தோப்புக்காரரு எம்பக்கம் பேசுனாரு, முடிஞ்சுச்சு. ரீசைக்கிள் கலக்காத எச்டிபிஇ (கெட்டி ரகப் பாலிதீன்), கார்பன் பிளாக்ங்கற கரித்தூள் நூத்துக்கு 2லருந்து 3 இருக்கணும், அதுதான் வெயிலத் தாங்குற சமாச்சாரம், டெஸ்ட் சர்ட்டிபிகேட்ட கைல வாங்கிட்டுத்தான் பணம் குடுத்தேன். சதுர மீட்டர் 165, 140க்கு 23,100.

பழைய குழிய ஜேசிபி வச்சு அரை அடி வழிச்சு எடுத்தோம். அது கரிசல் மண்ணு, காஞ்சா வாய் பொளக்கும், ஈரமானா வீங்கும், அதுக்கு மேல நேரா ஷீட்டப் போட்டது முதல் தடவ செஞ்ச பெரிய தப்பு. மண்ண சலிச்சு சுக்கான்கல்ல பொறுக்கி, கோரைக்கிழங்க முடிஞ்ச மட்டும் நோண்டி எடுத்து, தண்ணி தெளிச்சு திம்ஸ் கட்டையால இடிச்சு இறுக்கி, அதுக்கு மேல 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) ஜியோடெக்ஸ்டைல்னு, கல்லு குத்தாம ஷீட்டுக்கு அடில போடுற துணி விரிச்சோம், சதுர மீட்டர் 38. ஷீட்டுக்கு அடில பள்ளமான பக்கம் பாத்து ஒண்ணேகால் இஞ்ச் பிவிசி பைப்புல ஓட்ட போட்டு, துணி சுத்தி, வெளிய ஒரு வாளிக்குள்ள விட்டிருக்கோம். அதுதான் நான் மேல சொன்ன செக் பைப்பு. லீக் ஆனா தென்னமட்ட சொல்றதுக்கு முன்ன வாளி சொல்லிரும்.

வெல்டிங் அண்ணன் காலைல வர்றேன்னு சொல்லி மதியம் ஒரு மணிக்கு வந்தாரு. ரோல் அகலம் 5 மீட்டர், ரெண்டு பட்டைய 15 செமீ ஏத்திப் போட்டு நடுவுல ஒரே ஒரு ஜாயிண்ட்டு. மெசினு ரெட்டத் தடமா ஒட்டிக்கிட்டு போகும், ரெண்டு தடத்துக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும், ரெண்டு முனையையும் அடச்சுட்டு ஊசி வழியா அந்தச் சந்துல சைக்கிள் பம்புல காத்தடிச்சு கேஜ் பாக்கணும். 30 பிஎஸ்ஐ ஏத்தி அஞ்சு நிமிசம் விட்டோம், 29ல நின்னுச்சு. பாசு. மூலைய இந்தத் தடவ மடிக்கவே இல்ல, வெட்டி எடுத்துட்டு கைமெசின்ல வெல்ட் வச்சு, ஸ்க்ரூடிரைவர் முனையால ஓரத்தக் கிண்டிக் கிண்டிப் பாத்தாரு, ஒரு எடம் தூக்குச்சு, மறுபடி வச்சாரு.

எல்லாம் முடிச்சு ஓரத்தையும் குழில புதைச்சு மிதிச்சு, சாயங்காலம் சந்தோசமா வீட்டுக்கு வந்தாச்சு. காலைல போய் பாத்தா ஷீட்டு சரிவுக்கும் அடிக்கும் சேர்ற எடத்துல மண்ணவிட்டு நாலு விரக்கட தூக்கிக்கிட்டு தொட்டில் மாதிரி நிக்குது! உச்சி வெயில்ல நீண்டு கெடந்த ஷீட்ட இழுத்து டைட்டா புதைச்சிருக்கோம், ராத்திரி குளுந்ததும் சுருங்கிருச்சு. 14 மீட்டர் ஷீட்டு, 40 டிகிரி வித்தியாசத்துக்கு 8 செமீ கிட்ட சுருங்கும், கருப்பு ஷீட்டு மதியம் கால் வைக்க முடியாத சூடு. அப்பிடியே தண்ணி விட்டிருந்தா அந்த எடம் எப்பவும் இழுவைலயே இருந்திருக்கும், சோப்பு வாளில பாத்த அதே வெடிப்பு. திரும்ப ரெண்டு பக்கம் மண்ணத் தோண்டி விட்டு, விடியக்காலைல குளுந்த நேரத்துல தளர்வா போட்டு மூடுனோம். ரெண்டு ஆளு ஒரு நாள் சம்பளம் தண்டம், கொத்து ஆளு ஒருத்தருக்கு 900.

வெயில் படுற மேட்டுக்கு சுத்திலும் ஒரு மீட்டர் அகலத்துல 500 மைக்ரான் ஷீட்ட மேலாக்க போர்த்திருக்கோம், ஒட்டல, ஓரத்துல மட்டும் புதைச்சிருக்கு. வெயில் அதத் திங்கட்டும், வீணானா அத மட்டும் மாத்திக்கலாம். 40 மீட்டருக்கு 3,400. ஷீட்டு 23,100, துணி 5,320, வெல்டிங் 6,500, ஜேசிபி 1,800, ஆள் கூலி தண்டமும் சேத்து 5,400, டாட்டா ஏஸ் வாடகை 1,800, பைப்பு சாமான் 1,150, மேலாக்க போட்ட ஷீட்டு 3,400ம் சேத்து மொத்தம் 48,470. முதல் ஷீட்டுக்கு இது எட்டு மடங்கு. மாமா இந்தத் தொகைய இப்பவும் கல்யாண வீட்டுல எல்லாம் சொல்லுவாரு.

முதல்ல நல்ல தண்ணி விட்டு மூணு நாள் வாளி டெஸ்ட்டு, வாளிலயும் நல்ல தண்ணிதான், ரெண்டும் ஆறரை. அப்புறம்தான் சாயத்தண்ணி விட்டோம்.

இப்ப மண்வெட்டி பாத்திக்குள்ள எறங்கக்கூடாது. ரப்பர் வைப்பர், பிளாஸ்டிக் முறம், வெறுங்கால்னு ஒரு சட்டம், உப்புல வெறுங்கால் எரியும்னு ஆளுக சத்தம் போட்டதால கம்பூட்ஸ் ரெண்டு ஜோடி வாங்கிக் குடுத்தாச்சு. உப்ப அடியோட வழிக்கிறதும் இல்ல, ரெண்டு இஞ்ச் விட்டுட்டு மேல இருக்கறத மட்டும் அள்ளுறது, அடில கெடக்குற உப்பே ஷீட்டுக்கு மெத்தை. அள்ளுறது வருசத்துக்கு நாலரை டன் வருது, மூட்டை கட்டி ஷெட்டுக்குள்ள வச்சு, அனுமதி உள்ளவங்களுக்கு மட்டும்தான் போகும். ப்ளீச்சிங் தண்ணிக்கு தனி டிரம்மு.

அடுத்த தடவ மாத்துறதா இருந்தா மேலாக்க போட்ட ஷீட்டுக்கு மணல் மூட்டைய வச்சு அமுக்க மாட்டேன். யூரியா சாக்குல மணல் கட்டி வச்சேன், ஒரே கோடைல சாக்கு நைஞ்சு கொட்டிருச்சு, ஆடிக்காத்துல ஷீட்டு பாய்மரம் மாதிரி எந்திரிச்சு படபடன்னு அடிச்சுச்சு. இப்ப பழைய டயர் வச்சிருக்கு, கம்பி இல்லாத சைக்கிள் டயருக்குள்ள மண்ணு, அசிங்கமா இருந்தாலும் நிக்குது. வெல்டிங்க விடியக்காலைலயே ஆரம்பிக்க வைப்பேன், வர்லன்னா மறுநாள்தான். ரெண்டு பாத்தியா பிரிச்சும் போட்டிருக்கலாம், ஒண்ண காயவிட்டுட்டு ஒண்ண ஓட்ட வசதியா இருந்திருக்கும், இப்ப ரிப்பேர்னா மொத்தமா நிறுத்தணும்.

தோப்புக்காரர் கிணறு போன தைல 1,400க்கு எறங்கியிருந்துச்சு, நல்ல மழை ரெண்டு பேஞ்சதும் ஒரு காரணம். அந்த ரெண்டு தென்னைல ஒண்ணு புது மட்ட சுத்தமா விடுது, இன்னொண்ண வெட்டிட்டாரு. பழைய ஷீட்ட கழுவி சுருட்டி வச்சிருக்கேன், பழைய இரும்புக்கடைல உப்பு வாடைன்னு எடுக்கல. நாலு பேரு ஆட்டுக்கொட்டாய் மேல போடக் கேட்டாங்க, ஆடு நக்கும்னு குடுக்கல. பரண்ல கெடக்கு.